சட்டிக்குத் தீட்டு உண்டா?

நிக்கோபாரின் சௌரா தீவுப் பெண்களுக்குப் பானை செய்யச் சக்கரம் தேவைப்படவில்லை. தென்னோலையை வளையமாகக் கட்டித் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு தட்டு, தட்டுக்குள் வாழையிலை. களிமண்ணில் பொடிக்கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மெல்லிய மணல் சேர்த்துப் பிசைந்து, திரிதிரியாக உருட்டிச் சுற்றிச் சுற்றி ஏற்றிச் சுவரை எழுப்புவார்கள். சில நாள் காய்ந்த பிறகு விறகும் தேங்காய்ச் சிரட்டையும் அடுக்கித் தீ மூட்டி விசிறுவார்கள். சுட்ட பானை கொதிக்கக் கொதிக்க வெளியே வரும்போதுதான் கடைசி வேலை. பச்சைத் தேங்காய் மட்டையின் கீற்றை எடுத்துச் சூடான பானையின் உடம்பில் ஒற்றுவார்கள். மட்டைச் சாறு பட்ட இடம் கறுத்துக் கோடாகப் படியும். அதுதான் சௌராச் சட்டியின் அலங்காரம்.

இதையெல்லாம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்கத்திலிருந்து பார்த்து எழுதி வைத்தவர் எட்வர்ட் ஹொரேஸ் மேன். அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த ஆங்கிலேய அதிகாரி. அவர் குறித்து வைத்ததில் தொழில்நுணுக்கத்தைவிட விசித்திரமான ஒரு சங்கதி உண்டு. நிக்கோபார் தீவுகள் முழுவதற்கும் சட்டிபானை செய்யும் உரிமை இந்த ஒரு தீவுக்கு மட்டும்தான். மற்றவர்கள் செய்தால் சாவு வரும், நோய் வரும் என்பது நம்பிக்கை. சௌராவிலும் பெண்கள் மட்டுமே செய்வார்கள். தீவின் பரப்பு சுமார் 8 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் ஏறத்தாழ 1,300 பேர். அங்கே பிறந்தவர்கள் தங்கள் மொழியில் அதைச் சனேன்யோ என்கிறார்கள்.

இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. சௌராவில் களிமண் தீர்ந்துபோய் வெகுகாலம் ஆகிறது. மண் வருவது தெற்கே கடலுக்கு அப்பால் இருக்கும் தெரசா தீவிலிருந்து. சௌராப் பெண்கள் படகில் போய் மண் எடுத்து வருவார்கள். தெரசாக்காரர்களின் காலடியில் மண் கிடக்கிறது. அவர்கள் அதில் ஒரு சின்னச் சட்டிகூடச் செய்யக் கூடாது. அவர்களும் பானைக்குச் சௌராவுக்குத்தான் வர வேண்டும்.

அப்படியானால் அந்தப் பானையின் புனிதம் எதில் இருக்கிறது? மண்ணில் என்றால், மண்ணுக்குச் சொந்தக்காரரான தெரசாக்காரருக்கு ஏன் மறுப்பு? நெருப்பில் என்றால், நெருப்பு எந்தத் தீவில் இல்லை? கேள்வி நிக்கோபாரோடு நிற்பதில்லை. மண்ணைப் பிசைந்து சுட்டுச் சோறாக்கிய எல்லாச் சமூகங்களும் ஏதோ ஒரு கட்டத்தில் இதைக் கேட்டிருக்கின்றன. மண் பாத்திரம் தன்மேல் பட்டதை நினைவு வைத்துக்கொள்ளுமா? தொட்டவனை, சமைத்ததை, சிந்தியதை அது தனக்குள் வாங்கிக்கொள்கிறதா?

சௌராச் சட்டிக்கு நேர் எதிரான மண் சாமான் ஒன்று உண்டு. சீனத்துத் தோட்ட இருக்கை. பழைய மாளிகை வராந்தா, பழம்பொருள் கடை, ஹாங்காங் படத்தின் தோட்டக் காட்சி என எங்காவது பார்த்திருப்பீர்கள். மத்தளத்தை நிமிர்த்தி வைத்ததுபோல் இருக்கும்: நடு பருத்து, இரு முனையும் ஒடுங்கி. மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் ஒட்டி வரிசையாகக் குமிழ்கள். தோலை இழுத்து அடித்த ஆணித்தலைகளின் நகல் அவை. பக்கத்திலும் உச்சியிலும் பழைய சீனக் காசின் வடிவத்தில் துளைகள். விரலை விட்டுத் தூக்கிக்கொண்டு போகலாம். உள்ளே வெறும் காற்று. வெளியே பச்சை, நீலம், மஞ்சள் என்று கண்ணாடிபோல் மெருகு. மிங் அரசர் காலத்திலேயே இவை வந்துவிட்டன. பிற்காலத்தில் தென்சீனத்தில் ஃபோஷானை அடுத்த ஷிவான் சூளைகள் இத்தகைய மெருகிட்ட மண் சாமான்களுக்குப் பேர்போனவை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கும் காலனி நாடுகளின் பங்களாக்களுக்கும் சீன இருக்கைகள் போயின.

இந்த இருக்கைக்கும் சமயத்துக்கும் பழைய தொடர்பு ஒன்று சொல்கிறார்கள். தரையில் பாய் விரித்து உட்கார்ந்த சீனருக்கு உயர்ந்த இருக்கை பழக்கமானதில் புத்த சமயத்துக்குப் பங்குண்டு. உடுக்கை வடிவப் பிரம்பு இருக்கையில் போதிசத்துவர் அமர்ந்திருக்கும் சிற்பங்கள் வடசீனக் குகைகளில் உள்ளன. அந்தப் பிரம்பு இருக்கையின் பேரப்பிள்ளைதான் மத்தள இருக்கை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சீன மொழியில் அதற்குப் பூத்தையல் மணை என்று பொருள்படும் பெயர். மேலே பூவேலை செய்த துணி போர்த்தி உட்கார்ந்ததால்.

ஆனால் இங்கே வேண்டியது அதன் வம்சாவளி இல்லை, அதன் மேல்தோல். மண்ணால் ஆன இருக்கை மழையிலும் வெயிலிலும் தோட்டத்தில் கிடக்கிறது என்றால் காரணம் அந்த மெருகுதான். பாசி பிடித்தாலும் துடைத்தால் போகும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் முன்பு உட்கார்ந்தவரின் சுவடே இருக்காது. சௌராச் சட்டி நினைவு வைத்துக்கொள்ளும் மண். சீன இருக்கை மறக்கும் மண்.

வேறுபாடு சூளையில் இருக்கிறது. சாதாரண மண்பாண்டம் சுட்ட பின்னும் நுண்துளைகளோடுதான் இருக்கும். கோடையில் பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது அதனால்தான். உள்ளிருந்து கசியும் நீர் வெளியே ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது. அதே துளை வழியாக எண்ணெயும் மீன்குழம்பும் உள்ளே போகும். மெருகிடுவது என்றால் மணற்சத்தையும், அதை உருக வைக்கும் ஈயம் அல்லது சாம்பலையும் நீரில் கரைத்துப் பூசிச் சுடுவது. சூளையில் அது உருகி, துளைகளை மூடிக் கண்ணாடியாக இறுகும். அதன் பிறகு அந்த மண் எதையும் குடிக்காது.

இந்தச் சின்ன வேதியியல் மாற்றம் மூன்று சமயங்களின் சட்ட வல்லுநர்களைத் தலையைச் சொறிய வைத்திருக்கிறது.

மனுவின் ஐந்தாம் அத்தியாயத்தில் பாத்திர சுத்திக்குத் தனிப் பகுதி உண்டு. உலோகத்துக்குச் சாம்பல், புளிப்பு, தண்ணீர். மண்பாண்டத்துக்கு மறுபடி சூளை. ஆனால் கள்ளோ சிறுநீரோ எச்சிலோ இரத்தமோ பட்டுவிட்டால் மறுபடி சுட்டாலும் தேறாது. தூக்கி எறிய வேண்டியதுதான். யூதர்களின் லேவியராகமமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. எலியோ பல்லியோ விழுந்த மண்பாண்டத்தை உடைத்துவிட வேண்டும். வியப்பு அடுத்ததில் இருக்கிறது. பாவநிவாரண பலியின் இறைச்சி மகா பரிசுத்தமானது. அதை வேக வைத்த மண்பாண்டத்தையும் உடைக்க வேண்டும். வெண்கலப் பானையில் வெந்திருந்தால் தேய்த்துக் கழுவினால் போதும். தீட்டு பட்டாலும் உடை, புனிதம் பட்டாலும் உடை. இரண்டுமே மண்ணுக்குள் இறங்கி வெளியேற மறுக்கின்றன என்பதே அந்தச் சட்டத்தின் தர்க்கம். நம் ஊரில் மட்டும் என்ன? பொங்கலுக்குப் புதுப்பானை. சுடுகாட்டில் தோளில் சுமந்து சுற்றி வரும் கொள்ளிக்குடம் அங்கேயே உடைய வேண்டும். களிமண் பிள்ளையார் மூன்றாம் நாள் குளத்துக்குள். மங்கலமோ அமங்கலமோ, மண்ணுக்கு ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு.

மெருகு வந்ததும் சிக்கல் தொடங்கியது. பூசிய பானை மண்ணா கண்ணாடியா? யூத தல்முதில் இதற்கு நீண்ட விவாதம் உண்டு. பிற மதத்தார் திராட்சைரசம் வைத்திருந்த மெருகுப் பாத்திரம், கறுப்போ வெள்ளையோ, கழுவினால் ஆகும் என்கிறார்கள். பச்சை மெருகில் படிகாரப் பாங்கு இருந்தால் உறிஞ்சும் என்று சந்தேகம். புளித்த மாவை விலக்கும் பஸ்காப் பண்டிகைக்கு வந்தால் வேறு தீர்ப்பு: புளித்த மாவைச் சூட்டோடு சமைத்த பாத்திரம், மெருகிட்டதாக இருந்தாலும் ஆகாது. அடுப்புச் சூடு பட்டால் உள்ளே இறங்கிவிடும் என்பது வாதம். ரசாயனக் கூடம் இல்லாத காலத்தில் நிறத்தையும் சூட்டையும் வைத்துப் பூச்சின் தரத்தை எடைபோட முயன்றிருக்கிறார்கள். இஸ்லாமிய மரபில் நபிகளைக் காண வந்த அப்துல் கைஸ் குலத்தாருக்குச் சில பாத்திரங்கள் விலக்கப்பட்டன. அவற்றில் ஒன்று ‘ஹன்தம்’ என்ற பச்சை மெருகு ஜாடி. பேரீச்சம்பழ ஊறல் அதில் சீக்கிரம் புளித்து மதுவாகிவிடும் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. பின்னர், போதை தருவதை மட்டும் விலக்குங்கள், பாத்திரம் எதுவானாலும் சரி என்று அந்தத் தடை தளர்ந்தது. சுருக்கமான, தெளிவான முடிவு.

தமிழ் அடுக்களை விவாதம் ஏதும் வைத்துக்கொள்ளாமல் சமாளித்தது. சீனச் சாமான் இங்கே புதிதல்ல. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1980களில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஆனாலும் ஆசாரக்காரர் பலர் பீங்கான் தட்டில் சாப்பிடத் தயங்கினார்கள். ஊறுகாய் மட்டும் மெருகு ஜாடியில்தான் இருக்கும், ஏனென்றால் உப்பும் புளிப்பும் சேர்ந்தால் மண்சட்டி கசியும், செம்பு களிம்பேறும். தேவை வந்தால் சாஸ்திரம் ஜாடிக்குள் உட்கார்ந்துகொள்ளும் என்று ஒரு பாட்டியும் வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

பழைய சட்டக்காரர்களைக் கேலி செய்வது எளிது. ஆனால் அவர்கள் அடிப்படையில் சொன்னது சரி. மெருகில்லாத மண் உண்மையிலேயே மறப்பதில்லை. பானை ஓட்டைப் பொடித்து, அதற்குள் சிக்கிய கொழுப்பைப் பிரித்தெடுத்துப் பார்க்கும் முறையை இன்று தொல்லியலாளர்கள் கையாள்கிறார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட்டும் அவருடைய குழுவினரும் இப்படித்தான் துருக்கிப் பகுதிப் பானைகளில் சுமார் 9,000 ஆண்டுக்கு முந்தைய பால் கொழுப்பைக் கண்டார்கள். அக்ஷயேதா சூர்யநாராயண் தலைமையிலான ஆய்வு சிந்துவெளிப் பானைகளில் பன்றி, மாடு, எருமை முதலியவற்றின் கொழுப்பு இருந்ததை 2020இல் வெளியிட்டது. நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய சாப்பாட்டை ஓட்டுச் சில்லு காட்டிக்கொடுக்கிறது. மெருகிட்ட தட்டிடம் அந்த வேலை அவ்வளவு சுலபமாக நடக்காது.

சரி, துளைதான் பிரச்சினை என்றால் மெருகும் கண்ணாடியும் எவர்சில்வரும் வந்த அன்றே தீட்டுக்குப் பென்ஷன் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். அது நடந்ததா?

அந்தமானுக்கே இதில் ஒரு முன்கதை உண்டு. 1855இல் பீகாரில் ஆரா, முசாபர்பூர் சிறைகளில் கைதிகளின் பித்தளைச் செம்புகளைப் பிடுங்கிக்கொண்டு மண் குவளை கொடுத்தார்கள். செம்பு ஆயுதமாகிவிடும் என்று அதிகாரிகளுக்குப் பயம். கைதிகளுக்கு வேறு பயம். பித்தளையைத் தேய்த்துச் சுத்தமாக்கலாம், மண்ணை முடியாது. நேற்று எவன் குடித்தானோ? கலகம் மூண்டது. முசாபர்பூரில் ஊர்மக்களும் சிறைவாசலில் திரண்டார்கள். கடைசியில் அரசாங்கம் செம்பைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டு ஆண்டு கழித்து வந்தது 1857. அதை அடுத்து 1858 மார்ச் 10ஆம் தேதி, ஆக்ரா சிறையின் முன்னாள் கண்காணிப்பாளர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் இறங்கினார். கடல் தாண்டினாலே சாதி போய்விடும் என்று நம்பியவர்களை, செம்புக்காகச் சண்டை போட்ட தலைமுறையைச் சேர்ந்தவர்களை, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். அவர்களில் விடுதலை பெற்றுத் தீவிலேயே தங்கியவர்கள் சாதி, மதம், மொழி பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்களின் வழிவந்தவர்களுக்கு ‘லோக்கல் பார்ன்’ என்றே பெயர்.

தாய்நாட்டில் அப்படி ஆகவில்லை. தமிழ்நாட்டு டீக்கடைகளில் கண்ணாடி டம்ளர் வந்த பிறகுதான் இரட்டைக் குவளை வந்தது. கண்ணாடிக்கு ஒரு துளை கிடையாது. வெந்நீரில் கழுவினால் யார் உதடு பட்டது என்று எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது. இருந்தும் இவருக்கு ஒரு டம்ளர், அவருக்கு இன்னொன்று. சில ஊர்களில் அவருக்குச் சிரட்டை. துளை இருந்தவரை தீட்டுக்குத் துளை காரணம். துளை மூடிய பிறகும் தீட்டு நின்றது. அது பாத்திரத்தில் என்றைக்கும் இருந்ததில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எது? பாத்திரம் வெறும் சாக்கு. ஆளைத் தள்ளி வைப்பதுதான் வேலை.

நிக்கோபாரில் சிரட்டைக்கு வேறு கதி. உள்ளே வழித்தெடுத்த முழுத் தேங்காய் ஓடுகளை இரண்டிரண்டாகக் கட்டி, வீடுதோறும் குடிநீர் வைத்திருந்தார்கள். ஊர்த்தலைவரும் அதில்தான் குடிப்பார், விருந்தாளியும் அதில்தான் குடிப்பார். நம் ஊர் டீக்கடைக்கு வெளியே அவமானமாக நீட்டப்பட்ட அதே ஓடு.

தத்துவ மரபு இதை எப்போதோ முடித்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. கௌடபாதரின் காரிகையில் குடவெளி உவமை வருகிறது: ஒரு குடத்துக்குள் புகையும் தூசியும் நுழைந்தால் மற்றக் குடங்களின் வெளி அழுக்காவதில்லை. காசித் தெருவில் எதிரே வந்த புலையரைச் சங்கரர் விலகச் சொன்ன கதையும் எல்லோரும் அறிந்தது. பொற்குடத்து வெளிக்கும் மண்குடத்து வெளிக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் திருப்பிக் கேட்கிறார். சங்கரர் வாயடைத்து அவரைக் குருவாக ஏற்கிறார். மனீஷா பஞ்சகம் அந்தச் சந்திப்பில் பிறந்தது என்பது மரபு. அழகான கேள்விதான். ஆனால் குடத்துக்குள் இருக்கும் வெளியைப் பற்றிப் பேசினால் குடத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. வெளி ஒன்றே என்று ஒப்புக்கொண்ட அதே வாய், டம்ளரை மாற்றிக் கொடு என்றும் சொன்னது. இதில் முரண்பாடு இருப்பதாக அதற்குத் தோன்றவே இல்லை.

இந்த இடத்தில் சௌரா மறுபடி முக்கியமாகிறது. அங்கேயும் விதி ஆட்களைப் பற்றியதுதான். யார் செய்யலாம், யார் செய்யக் கூடாது. அங்கேயும் விதியைக் காத்தது பயம்தான். சௌரா ஆண்கள் மந்திரவாதிகள், அவர்களோடு பகைத்தால் உயிர் தங்காது என்று மற்றத் தீவுகள் நடுங்கின. அதை மறைத்துவிட்டு அந்தத் தீவைச் சொர்க்கமாக வரைய வேண்டியதில்லை. பிழைப்புக் கணக்கும் இருந்தது: சின்னத் தீவு, நிறைய வாய்கள், தென்னையும் பன்றியும் மட்டும். பானை உரிமை இல்லாவிட்டால் சௌரா பட்டினி கிடந்திருக்கும். நல்ல படகுகளைக்கூட வேறு தீவில் செய்ததை வாங்கிச் சௌராக்காரர்களே வடக்கே விற்றார்கள். தரகு என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்.

ஆனால் விதி எந்தத் திசையில் ஆட்களைத் தள்ளியது என்று பார்க்க வேண்டும். டீக்கடை விதி எட்டடி தூரத்தில் நிற்பவரை இன்னும் எட்டடி தள்ளி நிறுத்தியது. சௌரா விதி வடக்கே உள்ள கார் நிக்கோபார் தீவுக்காரரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் திறந்த கடலில் துடுப்புப் போட்டு வரவழைத்தது. பானைக்காகப் போன அந்தப் பயணம் கிட்டத்தட்ட யாத்திரை. தங்கள் இனத்தின் ஆதி வீடு சௌரா என்பது அவர்கள் நம்பிக்கை. வந்தவர்கள் பண்டம் மாற்றினார்கள், விருந்துண்டார்கள், உறவைப் புதுப்பித்துக்கொண்டு, படகு நிறையப் பானையோடு திரும்பினார்கள். இந்தக் கட்டுரையின் தீர்ப்பு இதுதான்: தீட்டு என்ற ஒன்றைத் தராசில் வைத்தால் அதன் எடை பாத்திரத்தில் இல்லை, அது மனிதரை எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதில் இருக்கிறது.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக்காரர்களுக்குச் சௌரா-தெரசா முடிச்சு விசித்திரமாகப் படாது. ஐயனாருக்குப் புரவி எடுப்பு என்றால் முதலில் ஊரார் பிடிமண் எடுத்துக் குயவரான வேளாரிடம் கொடுக்க வேண்டும். மண் ஊருடையது, கை வேளாருடையது. ஊரார் தாங்களே குதிரை செய்துகொள்ள முடியாது. பிடிமண் வராமல் வேளாரும் தொடங்க முடியாது. பல ஐயனார் கோயில்களில் பூசையும் வேளார்தான். சுட்ட குதிரையைத் தோளில் சுமந்து ஊர் கூடிக் கோயிலுக்குப் போகும். மெருகு கிடையாது. மழையிலும் வெயிலிலும் நாளடைவில் காதும் வாலும் உதிர்ந்து, கோயில் வளாகத்திலேயே மண்ணோடு மண்ணாகும். அடுத்த முறை மறுபடி பிடிமண். ஆளுக்கு ஒரு பாதி கையில் இருப்பதால் யாரும் யாரையும் விட்டுவிட முடியாத ஏற்பாடு.

நிக்கோபாரில் பானையை உடைக்கும் வழக்கமும் உண்டு. வீட்டில் ஒருவர் இறந்தால் அவருடைய சட்டி, ஈட்டி, துடுப்பு, தட்டு எல்லாவற்றையும் உடைத்துப் புதைகுழியின் மேல் வைப்பார்கள். தீட்டு என்று சொல்லி உடைப்பதாகத் தெரியவில்லை. அவர் சாமான் அவருக்கே, இனி இன்னொருவர் கை அதில் படக் கூடாது என்ற துக்கம். 80 கிலோமீட்டர் கடல் தாண்டிக் கொண்டுவந்த பானை என்பதை நினைத்துக்கொண்டால் அந்த உடைப்பின் விலை புரியும்.

பிறகு வேதம் வந்தது, அதுவும் ஒரு தமிழர் வழியாக. 1890களில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்தி ஆங்கிலிக்கன் திருப்பணி செய்தவர் வேதப்பன் சாலமன். அவர் கண்டெடுத்த மாணவர்களில் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன். பின்னாளில் ஆயர், 1952இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்ட உறுப்பினர், புதிய ஏற்பாட்டைக் கார் நிக்கோபாரி மொழியில் கொண்டுவந்தவர். அந்த ஏற்பாட்டில் இரண்டு இடங்கள் இங்கே பொருந்தும். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் கிண்ணமும் செம்பும் கழுவும் ஆசாரத்தைப் பற்றிய சண்டை. வாய்க்குள் போவது யாரையும் தீட்டாக்காது என்று இயேசு முடிக்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல் மனிதரைப் பொக்கிஷம் வைத்த மண்பாண்டத்துக்கு ஒப்பிடுகிறார். உடையக்கூடிய மலிவுச் சாமான் என்ற பொருளில் பவுல் சொன்னதை, கார் நிக்கோபார்க் கிழவர் ஒருவர் அப்படிக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அவருக்கு மண்பாண்டம் என்றாலே புனிதத் தீவிலிருந்து அலையைத் தாண்டி வந்த சௌராச் சட்டி. உவமை கடல் கடந்ததும் மதிப்புக் கூடிவிட்டது.

இன்று அலுமினியமும் எவர்சில்வரும் அந்தத் தீவுகளின் அடுப்புகளுக்கும் வந்துவிட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு சௌரா மக்களைத் தெரசாவில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். களிமண் இருக்கும் தீவிலேயே வாழலாமே என்று வெளியாருக்குத் தோன்றும். அவர்கள் அங்கே தங்கவில்லை, சௌராவுக்கே திரும்பினார்கள். வெளியார் அனுமதியில்லாமல் போக முடியாத பழங்குடிக் காப்புப் பகுதி அது. சட்டம் 1956இலிருந்து இருக்கிறது. சட்டி பார்க்க ஆசைப்படுபவர் போர்ட் பிளேர் மானுடவியல் அருங்காட்சியகத்தில் நிக்கோபார்ப் பகுதியைத் தேடலாம். மேன் இங்கிலாந்துக்கு அனுப்பிய நிக்கோபார்ச் சாமான்கள் பிரிட்டிஷ் மியூசியத்திலும் ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.

பழம்பொருள் வியாபாரிகள் சீன இருக்கையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1891 முதல் இறக்குமதிச் சாமானில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. ஆகவே அதற்குப் பிறகு ஏற்றுமதியான பல சாமான்களில் ‘சைனா’ என்று முத்திரை இருக்கும். சூளையில் வெந்தவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அதே பத்தாண்டில் மேன் நிக்கோபார்ப் பானைகளைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது, சௌராச் சட்டிகளில் கீறியிருந்த சின்னச் சின்னக் குறிகளையும் படம் வரைந்து சேர்த்தார். எழுத்தில்லாத தீவில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனிக்குறி இருந்தது; எந்தச் சட்டி யார் செய்தது என்று பார்த்தவுடன் தெரியும்.